டியூப் போட்டதும் பி.பி. விழுதா? முதலில் வென்டிலேட்டரைப் பாருங்கள்

ஐ.சி.யூ.வில் நான் கால் வைத்த முதல் வருடம். நாற்பது வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்த பாட்டி ஒருவர், மூச்சிரைப்பு முற்றி வந்திருந்தார். மூச்சுக்குழாயில் டியூப் போட்டாயிற்று. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் அம்பு பேக் என் கையில். பயத்தில் கை தானாக வேகம் பிடிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, "பி.பி. விழுது சார்" என்று குரல். 110ல் இருந்தது 60க்கு வந்துவிட்டது. சலைனை ஓடவிட்டோம், பி.பி.யை ஏற்றும் நாரட்ரினலின் கலக்கச் சொன்னோம், நாடி கிடைக்கவில்லை என்று ஒருவர் நெஞ்சில் கையே வைத்துவிட்டார்.

அன்று நைட் டூட்டியில் இருந்த மூத்த சிஸ்டர் ஒன்றும் பேசாமல் வந்து, பேக்கை டியூபிலிருந்து கழற்றினார். புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. பத்து விநாடி, பதினைந்து விநாடி, வந்துகொண்டே இருந்தது. மானிட்டரில் அலை மெல்ல எழுந்தது. "உள்ளே போன காத்து வெளிய வர நேரம் குடுங்க சார், பி.பி. தானா வரும்" என்றார். வந்தது.

பாட்டியின் இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை. நான் அடைத்துவைத்த காற்று, இதயத்துக்கு ரத்தம் வர விடாமல் வழியை மறித்திருந்தது. வென்டிலேட்டரில் நாம் திருகும் ஒவ்வொரு எண்ணும் நுரையீரலோடு நிற்பதில்லை, இதயத்தையும் திருகுகிறது. தர்மபுரியில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022ல் வந்துவிட்டது. இரண்டு ஊரிலும் தனியார் ஐ.சி.யூ.க்களும் பெருகிவிட்டன. அங்கே புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் இந்த ஒரு விஷயத்தைப் படிப்படியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். மருந்தின் அளவு, கடைசி முடிவு எல்லாம் உங்கள் யூனிட் நெறிமுறைப்படியும் பெரிய டாக்டர் சொல்படியும்தான்.

படி 1: தண்ணீர் வரும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிணற்றில் ஊறும் தண்ணீரைத்தான் மோட்டார் தள்ள முடியும். ஊற்று குறைந்தால் பத்து எச்.பி. மோட்டார் வைத்தாலும் குழாயில் காற்றுதான் வரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இதயமும் அப்படித்தான்.

நாமாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் காற்று நுரையீரலுக்கு வருகிறது, கூடவே உடம்பின் சிரைகளிலிருந்து ரத்தமும் வலது ஏட்ரியத்துக்கு (இதயத்தின் வலது மேலறை) வருகிறது. வென்டிலேட்டர் இதைத் தலைகீழாக்குகிறது. அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது, வலது ஏட்ரியத்தின் அழுத்தமும் சேர்ந்து ஏறுகிறது, வரும் ரத்தம் குறைகிறது.

எவ்வளவு குறையும்? உடம்பின் சிரைகளில் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 7 மி.மீ. பாதரசம்தான். வலது ஏட்ரியத்தில் பூச்சியத்தை ஒட்டி இருக்கும். ஆக, இதயத்துக்கு ரத்தம் திரும்பி வர இருக்கும் மொத்தச் சரிவே 7 மி.மீ. ஏரியிலிருந்து வயலுக்குப் பாயும் வாய்க்காலின் சரிவைப் போல, மிகச் சிறியது. இப்போது பீப் (மூச்சு விட்டு முடித்த பின்னும் வென்டிலேட்டர் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தம்) 10 வைக்கிறீர்கள். 10 செ.மீ. நீர் என்பது 7 மி.மீ. பாதரசத்துக்குச் சற்று மேல். நுரையீரல் நன்றாக இருந்தால் அதில் பாதியளவு நெஞ்சறைக்குள் கடத்தப்படும். அதாவது மூன்றரை. வாய்க்காலின் பாதிச் சரிவு போய்விட்டது.

அப்படியானால் பீப் 10 வைத்த எல்லோருக்கும் பி.பி. பாதியாக வேண்டுமே? ஆவதில்லை. உடம்பு உடனே சிரைகளை இறுக்கி அந்த 7ஐ மேலே ஏற்றிவிடும். அந்த இறுக்கத்தைத் தருவது சிம்பதெடிக் நரம்புகள். நாமோ டியூப் போட மயக்க மருந்து கொடுத்து அந்த இறுக்கத்தையே தளர்த்திவிடுகிறோம். நீரிழப்பு இருந்தால், செப்சிஸ் (உடம்பு முழுவதையும் பாதிக்கும் கிருமித்தொற்று) இருந்தால், ரத்தம் போயிருந்தால் இறுக்குவதற்கும் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. டியூப் போட்ட முதல் பத்து நிமிடத்தில் பி.பி. விழுவது இதனால்தான்.

படி 2: வலது வேறு, இடது வேறு என்று பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது. "பாசிட்டிவ் பிரஷர் இதயத்துக்குக் கெடுதல்" என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். பாதிதான் சரி.

வலது வெண்ட்ரிக்கிள், அதாவது நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் கீழறை, மெல்லிய சுவர் கொண்டது. நுரையீரலின் குறைந்த அழுத்தத்துக்கென்றே பழகியது. வென்டிலேட்டர் அதன் வேலையை இரண்டு பக்கமும் கெடுக்கிறது. வரும் ரத்தத்தைக் குறைக்கிறது, அனுப்பும் பாதையையும் நெரிக்கிறது. காற்றறைகள் அளவுக்கு மீறி ஊதினால் அவற்றைச் சுற்றியுள்ள நுண்குழாய்கள் நசுங்கும். சரி, பீப்பே வேண்டாம் என்று விட்டால்? காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளும், ஆக்சிஜன் குறையும், அங்கே ரத்தக்குழாய்கள் இறுகும், மறுபடியும் எதிர்ப்பு கூடும். சாதாரண மூச்சு விட்டு முடிக்கும்போது நுரையீரலில் எவ்வளவு காற்று மிஞ்சுமோ, அந்த அளவில்தான் நுரையீரல் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் எதிர்ப்பு கூடும். ஆகவே பீப் என்பது நல்லதுமில்லை கெட்டதுமில்லை, அளவைப் பொறுத்தது.

இடது வெண்ட்ரிக்கிளின் கதையே வேறு. நெஞ்சுக்குள் கூடிய அழுத்தம் அதை வெளியிலிருந்து அழுத்திக் கொடுக்கிறது. நெஞ்சுக்கு வெளியே இருக்கும் உடம்புக்கு ரத்தத்தைத் தள்ள அது படும் பாடு குறைகிறது. பலவீனமான இடது இதயத்துக்கு இது பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிவிடுகிற கை மாதிரி. நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்தபடி வியர்த்துக் கொட்டி வரும் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்குப் பைபாப் மாஸ்க் (டியூப் இல்லாமல் அழுத்தக் காற்று தருவது) வைத்த அரை மணியில் முகம் தெளிவதை நீங்கள் பார்ப்பீர்கள். ஆக்சிஜன் ஒரு பக்கம் இருக்கட்டும், இடது இதயத்தின் சுமை இறங்கியதும், அளவுக்கு மீறித் திரும்பி வந்த ரத்தம் குறைந்ததும் அந்தத் தெளிவுக்குக் காரணம். மூச்சுத் தசைகளுக்கு ஓய்வு கிடைப்பதும் உண்டு. சும்மா இருக்கும்போது உடம்பு செலவிடும் ஆக்சிஜனில் 5 சதவீதத்துக்கும் குறைவாக எடுக்கும் அந்தத் தசைகள், மூச்சிரைப்பில் அதைப் பல மடங்கு பிடுங்கிக்கொள்ளும்.

இன்னொன்று. இரண்டு வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், சுற்றி இருக்கும் உறையும் ஒன்றுதான். பங்காளி வீட்டுப் பொதுச்சுவர் மாதிரி. வலது பக்கம் வீங்கினால் சுவர் இடது பக்கம் சாயும், இடது பக்கம் நிரம்ப இடமிருக்காது. எக்கோவில் இதைப் பார்த்துவிட்டால், அந்த நோயாளிக்கு மேலும் சலைன் ஏற்றுவது வீங்கிய சுவரை இன்னும் தள்ளுவதுதான்.

படி 3: டியூபுக்கு முன்பே பி.பி.யைக் காப்பாற்றுங்கள்

இன்ட்யூப் என்ற ஆய்வு 2021ல் வெளியானது. 29 நாடுகளில் ஏறக்குறைய 3000 பேருக்கு டியூப் போடும்போது என்ன நடந்தது என்று பார்த்தார்கள். 100க்கு 42, 43 பேருக்கு ரத்த ஓட்டம் தடுமாறியது. ஆக்சிஜன் குறைந்து போனவர்களைவிட இவர்கள் அதிகம். நாமோ டியூப் போடும் நேரம் முழுவதும் சாச்சுரேஷனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

டியூப் போட லாரிங்கோஸ்கோப் எடுக்கும் முன் ஒரு சின்ன வகுத்தல் போடுங்கள். இதயத்துடிப்பை மேல் பி.பி.யால் வகுக்க வேண்டும். துடிப்பு 120, பி.பி. 100 என்றால் 1.2. இது 0.8ஐத் தாண்டினாலே, டியூப் போட்டதும் விழ வாய்ப்புள்ளவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.பி. 100 இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. அந்த 100ஐ அவர் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நம் மயக்க மருந்து அந்தப் பல்லைத் தளர்த்திவிடும்.

இப்படிப்பட்டவருக்கு நாரட்ரினலின் கலந்து, பம்ப்பில் மாட்டி, லைனில் இணைத்துத் தயாராக இருக்கட்டும். பலருக்கு முன்பே ஓடவிடுவதுதான் நல்லது. சென்ட்ரல் லைன் (பெரிய சிரையில் போடும் குழாய்) வரும்வரை காத்திருக்க வேண்டாம், முழங்கை மடிப்பில் நல்ல பெரிய ஊசி இருந்தால் தொடங்கலாம், அந்த இடத்தைக் கண்காணித்தபடி. மயக்க மருந்தில் புரோபோஃபால் பி.பி.யை நன்றாக இறக்கும். கீட்டமின் அல்லது எட்டோமிடேட் இருந்தால் அதைக் கேளுங்கள், அதிலும் அளவைக் குறைத்து. சலைன் வேண்டுமா என்றால், உண்மையில் வறண்டவருக்கு வேண்டும். எல்லோருக்கும் பழக்கமாக அரை லிட்டர் ஏற்றுவதால் டியூப் நேரத்துச் சரிவு குறைவதில்லை என்று 2022ல் வந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது.

படி 4: பேக் பிடிக்கும் கையை அடக்குங்கள்

பெரியவர்களுக்கான அம்பு பேக்கின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். இரண்டு கையால் பிழிந்தால் தேவையைவிட இரண்டு மடங்கு போய்விடும். ஒரு கை போதும், நெஞ்சு எழுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை. மனதுக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து" என்று எண்ணிவிட்டு அழுத்துங்கள்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சி.பி.ஆர். செய்வதை அளந்து 2004ல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள்தான், ஆனால் நிமிடத்துக்குச் சராசரியாக 30 முறை பேக் அழுத்தியிருந்தார்கள். நெஞ்சழுத்தம் இறங்கவே நேரமில்லை, இதயத் தசைக்குப் போக வேண்டிய ரத்தமும் போகவில்லை. அவசரத்தில் கை வேகமாகும் என்பது மனித சுபாவம். பக்கத்தில் ஒருவரை எண்ணச் சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

ஒரு கிளைக்கதை. 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் கையால் காற்று அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பேக் அழுத்தினார்கள். அதற்கு 4 வருடம் முன்பே, 1948ல், கூர்னான் என்பவர் அழுத்தக் காற்று இதயத்தின் வெளியேற்றத்தைக் குறைக்கும் என்று அளந்து காட்டிவிட்டார். மூச்சு வெளியே விடும் நேரத்தைப் போதிய அளவு கொடுத்து, அப்போது அழுத்தத்தைச் சட்டென்று இறங்கவிட்டால் இதயம் தாங்கிக்கொள்ளும் என்பது அவர் கண்டது. எங்கள் சிஸ்டர் சொன்னதும் அதுதானே.

படி 5: டேப் எடுத்து உயரத்தை அளங்கள்

நோயாளியின் எடையைக் கேட்டுக் காற்றளவு வைக்காதீர்கள். நுரையீரல் உயரத்தைப் பொறுத்தது, வயிற்றைப் பொறுத்ததல்ல. கணக்கு இதுதான்: உயரத்தில் (செ.மீ.) 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, ஆணுக்கு 50ம் பெண்ணுக்கு 45.5ம் கூட்டுங்கள். 165 செ.மீ. ஆணுக்கு 61.5 கிலோ வரும், கிலோவுக்கு 6 மி.லி. என்றால் 370. 150 செ.மீ. பெண்ணுக்கு 43 கிலோ, 260 மி.லி. இந்த அம்மாவுக்குப் பழக்கதோஷத்தில் 500 என்று வைத்தால் கிலோவுக்குப் பதினொன்றரை மி.லி. ஆகிவிடும். 2000ல் வந்த ஏ.ஆர்.டி.எஸ். (அழற்சியால் நுரையீரல் விறைத்துப்போகும் நிலை) ஆய்வில் 12 மி.லி. வாங்கியவர்களில் 39.8 சதவீதமும் 6 மி.லி. வாங்கியவர்களில் 31 சதவீதமும் இறந்தார்கள். கெட்டுப்போன நுரையீரலுக்கு 6, நல்ல நுரையீரலுக்கு 8 வரை. பிளாட்டோ பிரஷர் (காற்று உள்ளே போய் நின்றபோது இருக்கும் அழுத்தம்) 30க்குள்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தர்மபுரி மாவட்டத்துக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்த முதியவர்கள் சிலருக்கு முதுகெலும்பு இறுகி வளைந்திருக்கும். படுக்கையில் டேப் வைத்தால் உண்மையான உயரம் வராது. இரண்டு கையையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளங்கள். ஏறக்குறைய அதுதான் பழைய உயரம். அதைவிட முக்கியமானது, விலாக்கூடும் இறுகியிருக்கலாம் என்பது. நெஞ்சுச் சுவர் விறைத்தவர்களுக்கு வென்டிலேட்டரின் அழுத்தத்தில் பெரும்பங்கு நெஞ்சறைக்குள் நின்று இதயத்தை அமுக்கும். ஒரே பீப்புக்கு இவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சரிவார்கள்.

எந்த மோட் வைப்பது என்று கேட்பீர்கள். காற்றளவை வைக்கும் வால்யூமா, அழுத்தத்தை வைக்கும் பிரஷரா என்ற விவாதத்தில் ராத்திரியைக் கழிக்காதீர்கள். இதயம் உணர்வது முக்கியமாகச் சராசரி ஏர்வே பிரஷரை. அது திரையில் ஓர் ஓரத்தில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. நோயாளி தானாக மூச்சு எடுக்கும் பிரஷர் சப்போர்ட்டில் அந்தச் சராசரி பெரும்பாலும் குறைவாக இருக்கும். ஹை ஃப்ரீக்வன்சி ஆசிலேஷன் என்ற முறை, காற்றறைகளை விடாமல் திறந்து வைக்கும் என்று ஒரு காலத்தில் கொண்டாடப்பட்டது. 2013ல் வந்த ஆய்வில் அதில் இருந்தவர்களில் 47 சதவீதமும் சாதாரண முறையில் இருந்தவர்களில் 35 சதவீதமும் இறந்தார்கள். சராசரி அழுத்தம் அதில் அதிகம், பி.பி. மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

படி 6: பி.பி. விழுந்தால் கை எங்கே போக வேண்டும்

சலைன் பாட்டிலுக்குப் போகக் கூடாது. முதலில் வென்டிலேட்டருக்கு.

ஃப்ளோ அலையைப் பாருங்கள். மூச்சு வெளியே விடும் கோடு பூச்சியத்தைத் தொடும் முன்பே அடுத்த மூச்சு தொடங்குகிறதா? காற்று உள்ளே தேங்குகிறது. மூச்சு விட்டு முடியும் இடத்தில் ஹோல்டு பொத்தானை அழுத்தினால் தேங்கிய அழுத்தம் எண்ணாகவே தெரியும். ஆஸ்துமா, பீடிப் புகை, விறகுப் புகை நோயாளிகளுக்கு இதுதான் முதல் சந்தேகம். நாடி தடுமாறினால் யோசிக்காமல் சர்க்யூட்டைக் கழற்றி 15, 20 விநாடி விடுங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, டி.பி. நம் ஊரில் குறைவில்லை. பி.பி. ஏறிவிட்டால் நோயும் தெரிந்தது, மருந்தும் கிடைத்தது. அப்புறம் மூச்சு எண்ணிக்கையைக் குறையுங்கள், 10, 12 என்று. காற்றளவைக் குறையுங்கள், வெளிவிடும் நேரத்தை நீட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறும், ஏறட்டும். வலது இதயம் ஏற்கனவே திணறுபவர், தலைக்காயக்காரர், இந்த இரண்டு பேருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

கழற்றியும் ஏறவில்லையா? ஸ்டெத்தை இரண்டு பக்கமும் வையுங்கள். ஒரு பக்கம் சத்தமில்லை, பீக் பிரஷர் எகிறுகிறது, கழுத்துச் சிரை புடைக்கிறது என்றால் நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலுக்கு வெளியே நெஞ்சறையில் காற்று அடைத்திருக்கிறது. எக்ஸ்ரேக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கும் நோயல்ல அது. டியூப் நகர்ந்ததா, சளி அடைத்ததா என்பதையும் அதே நிமிடத்தில் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் இல்லை என்றால்தான் ரத்த அளவின் கேள்வி வருகிறது. சலைன் கொடுத்தால் பலன் இருக்குமா என்று பார்க்கக் கட்டிலையே கருவியாக்கலாம். தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்தி வைத்திருப்பவரைத் தட்டையாக்கி, கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்குங்கள். காலில் இருக்கும் ஏறக்குறைய 300 மி.லி. ரத்தம் இதயத்துக்கு வரும். ஒரு நிமிடத்துக்குள் நாடியின் பருமன் ஏறினால் சலைனுக்கு இடமுண்டு. ஏறாவிட்டால் காலை இறக்குங்கள், 300 மி.லி.யும் திரும்பப் போய்விடும். பாட்டிலில் ஏற்றியது அப்படித் திரும்பாது. ஆர்ட்டீரியல் லைன் (தமனியில் போட்ட குழாய்) இருந்தால் மூச்சுக்கு மூச்சு நாடி அழுத்தம் 13 சதவீதத்துக்கு மேல் ஆடுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் நோயாளி தானாக மூச்சு எடுக்கக் கூடாது, துடிப்பு சீராக இருக்க வேண்டும், காற்றளவு கிலோவுக்கு 8 மி.லி.யாவது இருக்க வேண்டும். 6 மி.லி.யில் வைத்துவிட்டு ஆட்டம் இல்லையென்று சொல்வது, கதவைத் தட்டாமலே வீட்டில் ஆள் இல்லை என்று திரும்புவது போல. ஈ.டி.சி.ஓ.2 மீட்டர் (வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளப்பது) இருந்தால் அதையும் விடாதீர்கள். மூச்சு எண்கள் மாறாமல் அந்த எண் திடீரென்று விழுந்தால், நுரையீரலுக்கு ரத்தம் வருவது குறைந்துவிட்டது என்று பொருள்.

படி 7: ஆளைப் பார்த்து அழுத்தம்

கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசை செயலிழந்து வருபவரின் நுரையீரல் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பஞ்சு போன்ற நுரையீரல் அழுத்தத்தில் பாதியளவை நெஞ்சறைக்குக் கடத்தும். பீப் 5 தாராளம். காத்திருந்தால் நரம்பு திரும்பும். ஏ.ஆர்.டி.எஸ். நுரையீரல் அதற்கு நேரெதிர். விறைத்த நுரையீரல் அழுத்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், பீப் 10, 12 வைத்தும் பி.பி. தாங்குவதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஆபத்து வலது இதயத்துக்கு. நிமோனியா காரணமாக வந்த ஏ.ஆர்.டி.எஸ்., கார்பன் டை ஆக்சைடு 48க்கு மேல், பிளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தால் 18க்கு மேல், ஆக்சிஜன் விகிதம் (ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தது) 150க்குக் கீழ், இந்த நான்கும் சேரச் சேர வலது இதயம் விழும் வாய்ப்பு கூடுகிறது. குப்புறப் படுக்க வைப்பது ஆக்சிஜனுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். மூடிய காற்றறைகள் திறப்பதால் வலது இதயத்தின் சுமையும் இறங்குகிறது.

பீப்பை ஏற்றும்போது இரண்டிரண்டாக ஏற்றி, ஐந்து பத்து நிமிடம் நின்று, பி.பி.யைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போடுவோம். சாச்சுரேஷன் 88ல் இருந்து 95 ஆனால் ஆக்சிஜன் 8 சதவீதம் கூடியது, எல்லோருக்கும் சந்தோஷம். அதே நேரம் இதயத்தின் வெளியேற்றம் 5 லிட்டரிலிருந்து 4க்கு இறங்கியிருந்தால் உடம்புக்குப் போய்ச்சேரும் ஆக்சிஜன் 14 சதவீதம் குறைந்துவிட்டது. திரையில் பச்சை எண், சிறுநீர்ப் பையில் ஒன்றுமில்லை. சாச்சுரேஷன் லாரியில் ஏற்றிய மூட்டையின் கணக்கு, எத்தனை லாரி ஊருக்குப் போனது என்று அது சொல்லாது.

வெளியே காத்திருக்கும் மகன் கேட்பார்: "மிஷின் வெச்சதுக்கப்புறம்தான் சார் பிரஷர் இறங்கிச்சு, மிஷினாலதானே?" மழுப்பாதீர்கள். "ஆமாங்க, மிஷின் காத்தைத் தள்ளும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறும், ரத்தம் வர்றது கொஞ்சம் குறையும். தெரிஞ்சுதான் வெச்சிருக்கோம், அதுக்கு மருந்தும் ஓடுது. மிஷின் இல்லாம மூச்சு நின்னிருக்கும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கிணறும் மோட்டாரும் தெரிந்த மனிதர்கள்.

படி 8: கழற்றும்போதும் இதயத்தை மறக்காதீர்கள்

நுரையீரல் தெளிந்தது, எண்கள் எல்லாம் நன்று, வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சு விடவைக்கும் டி-பீஸ் போட்டால் அரை மணியில் நோயாளி வியர்க்கிறார், பி.பி. 180, நெஞ்சில் கறகறவென்று சத்தம். "வீனிங் ஃபெயில்" என்று எழுதி மறுபடி மாட்டிவிடுவோம், மறுநாளும் இதே கதை. படி 2ஐ நினைத்துப் பாருங்கள். வென்டிலேட்டர் இதுவரை இடது இதயத்துக்குக் கை கொடுத்திருந்தது. அதைச் சட்டென்று எடுத்தால் திரும்பி வரும் ரத்தம் கூடுகிறது, தள்ள வேண்டிய சுமை கூடுகிறது, மூச்சுத் தசைகளும் தங்கள் பங்கைக் கேட்கின்றன. ஒளிந்திருந்த ஹார்ட் ஃபெயிலியர் வெளியே வருகிறது. சர்க்கரை, பழைய அட்டாக், ஏற்றி வைத்த லிட்டர் கணக்கான சலைன் உள்ளவர்களுக்கு முந்தின நாளே எக்கோ பார்த்து, நீரை இறக்கி, பி.பி.யை அடக்கிவிட்டு முயலுங்கள். டியூபை எடுத்த கையோடு பைபாப் மாஸ்க் தயாராக இருக்கட்டும்.

படி 9: ஆம்புலன்ஸில்

தர்மபுரியிலிருந்து சேலம், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு என்று அனுப்புவது இங்கே வாரம் தவறாமல் நடக்கும். புறப்படும் முன் டிரான்ஸ்போர்ட் வென்டிலேட்டரில் அரை மணி வார்டிலேயே வைத்துப் பாருங்கள். வார்டு மிஷினில் இருந்த அதே பீப், அதே காற்றளவு. விழுவதென்றால் வார்டிலேயே விழட்டும், தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவில் வேண்டாம். பேக் பிடித்தே போக வேண்டியிருந்தால் பீப் வால்வு மாட்டுங்கள், நுரையீரலில் நீர் கோத்தவருக்கு அது இல்லாமல் கிளம்பாதீர்கள். தலைக்காயக்காரரை வேகமாகப் பேக் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், கூடவே பி.பி.யும் விழுந்தால் மூளைக்கு இரட்டை அடி. பி டைப் சிலிண்டரில் 1500 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். டோல்கேட் நெரிசலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

படி 10: ஒரே வரியில் எழுதுங்கள்

பல இடங்களில் வென்டிலேட்டர் சார்ட் ஒரு காகிதம், பி.பி. சார்ட் இன்னொரு காகிதம். காலை ரவுண்ட்ஸில் "ராத்திரி இரண்டரைக்கு பி.பி. விழுந்தது, நாரட்ரினலின் கூட்டினோம்" என்பார்கள். இரண்டு மணிக்கு சாச்சுரேஷனுக்காக யாரோ பீப்பை ஏற்றியது வேறு காகிதத்தில் இருக்கும், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் என் டூட்டியில் ஒரு வெள்ளைத்தாளில் நானே கோடு போட்டுக்கொள்வேன். நேரம், என்ன மாற்றினேன், மாற்றும் முன் பி.பி., மாற்றிப் பத்து நிமிடத்தில் பி.பி., சிறுநீர். இப்படி:

2.00, பீப் 6லிருந்து 10, முன்பு 112/70, பின்பு 84/50. 2.15, பீப் 8க்கு இறக்கம், 104/64, சாச்சுரேஷன் 92. அப்படியே விட்டோம். சலைன் கொடுக்கவில்லை.